நின்ற இடத்தில் பிளந்த கப்பல்

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாண்ட் நகரம். அங்கே ஸ்வான் ஐலண்ட் கப்பல் கட்டும் தளத்தின் துறையில் 'ஷெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் கட்டிப் போடப்பட்டிருந்தது. அந்தத் தளம் கட்டிய முதல் கப்பல். கடலில் ஓட்டிப் பார்க்கும் சோதனையை முடித்துத் திரும்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அன்று அலையும் இல்லை, புயலும் இல்லை, எதிரியின் டார்பிடோவும் இல்லை. காற்று உறைநிலைக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் சுமார் 4 டிகிரி. ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் சத்தத்தோடு கப்பலின் மேல்தளம் நடுவில் பிளந்தது. பிளவு இரண்டு பக்கச் சுவர்களிலும் சரசரவென்று இறங்கி, அடித்தகடு வரை போய் நின்றது. நடுப்பகுதி தண்ணீருக்கு மேலே எழும்ப, முன்பக்கமும் பின்பக்கமும் ஆற்றுச் சேற்றில் போய் உட்கார்ந்தன.

இப்படி ஒன்று நடந்தால் முதலில் யாரைப் பார்ப்பார்கள்? வெல்டிங் வைத்தவரைத்தான். அந்த வெல்டர்கள் யார் தெரியுமா? ஓரிரு வருடம் முன்புவரை வயலில் வேலை பார்த்தவர்கள், ஓட்டலில் பரிமாறியவர்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள். பலர் கப்பலையே பார்த்ததில்லை. பழியைப் போட வசதியான ஆட்கள்.

அவர்கள் அங்கே வந்த கதை இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிகளிடமிருந்து தொடங்குகிறது. அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை அவை மூழ்கடித்த வேகத்துக்குப் புதிய கப்பல்களைக் கட்ட பிரிட்டனால் முடியவில்லை. 1940 கடைசியில் அமெரிக்காவிடம் 60 கப்பல்கள் கேட்டது. அதற்கான பிரிட்டிஷ் வரைபடத்தை எடுத்து அமெரிக்கா தனக்கேற்ப மாற்றிக்கொண்டதுதான் 'லிபர்ட்டி' ரகம். 441 அடி நீளம், 10,000 டன்னுக்கு மேல் சுமக்கும், வேகம் மட்டும் மணிக்கு 11 நாட்டிக்கல் மைலைத் தாண்டாது. எஞ்சின்கூடப் பழைய நீராவி எஞ்சின்தான். அழகு யாருக்கு வேண்டும், எண்ணிக்கைதான் வேண்டும். 1941 முதல் 1945 வரை 18 தளங்களில் 2,710 லிபர்ட்டி கப்பல்கள் கட்டப்பட்டன.

இதில் பசிபிக் கரையின் கணக்கு தனி. சாலையும் அணையும் கட்டிக்கொண்டிருந்த ஹென்றி கைசர் என்ற ஒப்பந்தக்காரர், கப்பல் கட்டி முன்பழக்கம் இல்லாமலேயே, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ரிச்மண்டில் நான்கு தளங்களையும் போர்ட்லாண்ட் பக்கம் மூன்று தளங்களையும் நடத்தினார். 1940-இல் 24,000 பேர்கூட இல்லாத ஊர் ரிச்மண்ட். மூன்று நான்கு ஆண்டுகளில் அங்கே ஒரு லட்சம் பேர். அந்த நான்கு தளங்களிலிருந்து மட்டும் 747 கப்பல்கள் இறங்கின.

கப்பல் தெரியாதவர் கப்பல் கட்டியது எப்படி? அணை கட்டுகிற மாதிரி கட்டினார் என்பதுதான் பதில். வழக்கமாகக் கப்பலை ஏரா என்ற அடி முதுகெலும்பில் தொடங்கி, ஒரே சாய்தளத்தில், தகடு தகடாக வளர்ப்பார்கள். அந்தச் சாய்தளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர்தான் நிற்க முடியும்? கைசர் தளங்களில் மேல்தளத்து அறைகள், அடித்தட்டு, பக்கச் சுவர் எல்லாவற்றையும் வேறு வேறு கொட்டகைகளில் பெரிய துண்டுகளாகச் செய்து, கிரேனில் தூக்கி வந்து பொருத்தினார்கள். முதல் லிபர்ட்டி கப்பலுக்கு எட்டு மாதம் போல ஆனது. 1943-இல் சராசரி ஆறு வாரம். இடையில், 1942 நவம்பரில், ரிச்மண்டில் 'ராபர்ட் ஈ. பியரி' என்ற கப்பலை ஏரா வைத்ததிலிருந்து 4 நாள், 15 மணி, 29 நிமிடத்தில் தண்ணீரில் இறக்கினார்கள். அது விளம்பரத்துக்குச் செய்த வித்தை. பெரும்பகுதியை முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்துவிட்டு, அப்புறம்தான் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். ஆனால் கப்பல் உண்மையானது. 1963 வரை இருந்தது.

கொட்டகையில் துண்டுகள் செய்ததில் இன்னொரு லாபம் உண்டு. வெல்டிங் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கீழே கிடக்கும் தகட்டில் வெல்டிங் வைப்பது எளிது. உருகிய உலோகம் தானே பள்ளத்தில் போய்த் தங்கும். நிற்கும் சுவரில் வைப்பது கஷ்டம். தலைக்கு மேலே வைப்பது இன்னும் கஷ்டம். உருகிய இரும்பு சொட்டி கழுத்துப்பட்டைக்குள் விழும். அதனால் அறைகளையே தலைகீழாகப் போட்டு வெல்டிங் வைத்து, பிறகு நிமிர்த்தினார்கள். கூரையாக வேண்டியது தரையானது. புதியவர் செய்யக்கூடிய வேலையாக வேலையையே மாற்றிக்கொண்டார்கள். நேர் கோட்டில் ஓடும் நீளமான இணைப்புகளை இயந்திரம் வைத்தது.

முன்பெல்லாம் தகடுகளை ரிவிட் அடித்துத்தான் சேர்ப்பார்கள். அதற்கு ஒரு கூட்டமே வேண்டும். ஒருவர் உலையில் ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் வீசுவார், ஒருவர் வாளியில் பிடித்துத் துளையில் செருகுவார், ஒருவர் பின்னாலிருந்து முட்டுக் கொடுப்பார், ஒருவர் சுத்தியல் இயந்திரத்தால் தலையை நசுக்குவார். ஆறும்போது ரிவிட் சுருங்கி, இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடிக்கும். இதில் கை தேர ஆண்டுகள் பிடிக்கும். வெல்டிங்குக்கு ஓர் ஆளும் ஒரு ராடும் போதும், தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டியதில்லை என்பதால் இரும்பும் மிச்சம். ஒரே ஒரு விதமான வெல்டிங்கை மட்டும் சில வாரங்களில் பழக்கிவிடலாம். ரிச்மண்ட் ஆட்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் பெண். இன்று அந்த ஊரில் உள்ள தேசியப் பூங்காவுக்கு 'ரோஸி தி ரிவட்டர்', அதாவது ரிவிட் அடிக்கும் ரோஸி, என்று பெயர். அங்கே பெண்கள் செய்தது பெரும்பாலும் வெல்டிங் என்பது வேறு விஷயம்.

அந்த வேலை எப்படி இருந்திருக்கும்? ராடின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே தாவும் மின்வில் பல ஆயிரம் டிகிரி சூடு. ராடின் மேல்பூச்சு எரிந்து புகையாகி, உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்கும்; மிச்சம் மேலே கசடாகப் படியும். அதைத் தட்டி எடுத்துவிட்டு அடுத்த வரிசை. கசடு உள்ளே மாட்டிக்கொண்டால் இணைப்பில் ஓட்டை இருப்பதற்குச் சமம். வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணின் வெளிப்படலத்தைச் சுட்டுவிடும். பட்ட நேரத்தில் ஒன்றும் தெரியாது, ஆறேழு மணி நேரம் கழித்து, தூங்கப்போகும் நேரத்தில், கண்ணில் மண்ணை வாரிப் போட்டது போல எரியும். பக்கத்தில் இருப்பவர் வைக்கும் வெல்டிங்கே போதும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் வைத்தால் வரும் புகை, அன்று இரவு குளிர்காய்ச்சல் போல ஆளை உதறவைக்கும். மேற்குக் கரையில் முழுத் தகுதி பெற்ற தொழிலாளிக்கு மணிக்கு 1.20 டாலர் கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. வீட்டுவேலை செய்து பிழைத்தவர்களுக்கு அது கனவிலும் காணாத காசு.

காசு இருந்தது, படுக்க இடம் இல்லை. மூன்று ஷிப்டும் வேலை நடந்ததால் ஒரே கட்டிலை ஆட்கள் முறை வைத்து வாடகைக்கு எடுத்தார்கள். ஒருவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் படுப்பார். போர்ட்லாண்டின் இரண்டு தளங்களில் 1943 கடைசியில் குழந்தைக் காப்பகங்கள் திறந்தார்கள். வேலை முடிந்து பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மா, சமைத்த இரவு உணவையும் அங்கேயே வாங்கிக்கொண்டு போகலாம். எண்பது வருடம் கழித்து நம் ஊர்த் தொழிற்சாலைகளில் எத்தனையில் இது உண்டு என்று எண்ணிப் பாருங்கள். சிட்னி கார்ஃபீல்ட் என்ற மருத்துவர் இந்தத் தொழிலாளர்களுக்காக நடத்திய, முன்கூட்டியே சிறு தொகை பிடித்துக்கொள்ளும் மருத்துவத் திட்டம், போர் முடிந்ததும் பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டு, 'கைசர் பெர்மனென்டே' என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. வெல்டர்கள் சேர வேண்டியிருந்த கொதிகலன் தொழிலாளர் சங்கம் கறுப்பினத்தவரிடம் சந்தாவை வாங்கிக்கொண்டு, வாக்கில்லாத துணைச் சங்கத்தில் தள்ளியது. சாசலிட்டோ என்ற கலிஃபோர்னிய ஊரில் இருந்த மரின்ஷிப் தளத்தின் வெல்டர் ஜோசப் ஜேம்ஸ் வழக்குப் போட்டார். சங்க உறுப்பினராக இருந்தால்தான் வேலை என்று வைத்துக்கொண்டு, நிறத்தைக் காட்டி முழு உறுப்பினராக்க மறுப்பது செல்லாது என்று 1944 இறுதியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே போர் முடிந்து, வேலையும் போனது.

சரி, பிளந்த கப்பலுக்கு வருவோம்.

ஷெனெக்டடியின் பிளவு தொடங்கிய இடத்தில் ஒரு மோசமான வெல்டிங் இருந்தது உண்மை. மேல்தளமும் பக்கச் சுவரும் சேரும் ஓரத்தில், அமைப்பு திடீரென்று மாறும் ஒரு மூலையில் அது இருந்தது. வேறு சில தளங்களில், துண்டுக் கூலி ஆசையில் பள்ளத்துக்குள் ராடை அப்படியே போட்டு மேலாக மூடியவர்களும் உண்டு. ஆனால் அன்று அந்தக் கப்பலில் இருந்த பாரம், அது தாங்க வேண்டிய அளவில் பாதிதான். ஒரு கெட்ட மூலை எப்படி ஒரு முழுக் கப்பலைப் பிளக்கும்? அது ஒரு கப்பலோடும் நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 'ஜான் பி. கெய்ன்ஸ்' என்ற லிபர்ட்டி கப்பல் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளுக்கு அருகே இரண்டாக உடைந்து 10 பேர் இறந்தார்கள். போருக்குப் பின் விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, ஆராய்ந்த சுமார் 4,700 வெல்டிங் கப்பல்களில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான கப்பல்களில் விரிசல் விழுந்திருந்தது.

ஜவுளிக்கடையில் துணியைக் கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, பிறகு இரண்டு கையாலும் ஓர் இழுப்பு. அந்த வெட்டு இல்லாமல் இழுத்தால் துணி கிழியாது. இழுவிசை முழுவதும் வெட்டின் நுனியில் குவிவதுதான் காரணம். லிபர்ட்டி கப்பல்களில் சரக்கு இறக்கும் வாய்கள் சதுரமாக, கூர்மையான மூலைகளோடு இருந்தன. ஒவ்வொரு மூலையும் கப்பலே தனக்கு வைத்துக்கொண்ட ஒரு கத்தரி வெட்டு. அலை மேல் ஏறி இறங்கும்போது கப்பல் வில் போல வளையும். இழுப்பெல்லாம் அங்கே போய்ச் சேரும். வெல்டிங் ஆறிச் சுருங்கும்போது தகட்டுக்குள் தங்கிவிடும் இழுப்பு வேறு. ரிவிட் அடித்த கப்பல் பல துண்டுகளைத் தைத்த போர்வை மாதிரி. கிழிசல் தையலோடு பெரும்பாலும் நின்றுவிடும். வெல்டிங் வைத்த கப்பலோ ஒரே பீஸ். எங்கே தொடங்கினாலும் தடுக்க ஆளில்லை.

இத்தனைக்கும் மேல் ஒரு கேள்வி மிச்சம். இரும்பு துணி இல்லையே? அது வளைய வேண்டும், நீள வேண்டும். விரிசலின் நுனி கொஞ்சம் இளகிக் கொடுத்தாலே குவிந்த விசை கலைந்துபோகும். அது ஏன் கண்ணாடி போல உடைந்தது?

இதைப் பிடித்தவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜில் இருந்த உலோகவியலாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர். கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது கம்பியாக இழுபடும் அதே பாகு, ஆறினால் 'டக்'கென்று முறியும். கப்பல் இரும்புக்கும் அப்படி ஒரு வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே வளையும், கீழே முறியும். அணு அளவில் காரணம் வேறு. பெரிய ஜமக்காளத்தை நகர்த்த முழுதாக இழுப்பதைவிட, ஒரு முனையில் மடிப்பு ஒன்றை உண்டாக்கி, அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போவது எளிது. இரும்பு வளைவதும் இப்படித்தான். அணு வரிசைகளில் உள்ள மடிப்பு போன்ற குறைகள் நகர்ந்து நகர்ந்து வளைகிறது. இரும்பின் அணு அடுக்கில் இந்த நகர்வுக்கு வெப்பத்தின் தள்ளுதல் வேண்டும். குளிரில் மடிப்பு நகராது. வளைய வழியில்லாத இரும்பு பிளக்கும். அன்றைய போர்க்கால இரும்பில் கந்தகமும் பாஸ்பரஸும் அதிகம், கார்பனோடு ஒப்பிட்டால் மாங்கனீஸ் குறைவு. அதனால் முறியத் தொடங்கும் வெப்பநிலை மேலே ஏறி, சாதாரணக் குளிர்காலத் தண்ணீருக்கே வந்துவிட்டது. இந்தக் குணம் தகட்டுடையது, வெல்டிங்குடையது இல்லை. மோசமான வெல்டிங் தீப்பொறி என்றால், பெட்ரோலை ஊற்றி வைத்திருந்தது உருக்காலையும் வரைபடமும்.

சரிசெய்ததும் அந்த வழியில்தான். சதுர மூலைகளை வளைத்துத் தகடு சேர்த்தார்கள். கப்பலின் நீளவாக்கில் வேண்டுமென்றே பிளவு விட்டு, அதை ரிவிட் அடித்த பட்டையால் இணைத்தார்கள். வரும் விரிசல் அங்கே நிற்கும். வேகமாக ஒதுக்கிய பழைய தொழில்நுட்பத்தையே காவலுக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. இன்று கப்பல் தகடு வாங்கினால் அதில் ஏ, பி, டி, இ என்று தர எழுத்து இருக்கும். டி என்றால் மைனஸ் 20 டிகிரியிலும், இ என்றால் மைனஸ் 40-இலும் அடித்துப் பார்த்து முறியாதது. ஷெனெக்டடியையும் ஒட்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். 1962-இல்தான் பழைய இரும்புக்குப் போனது.

கப்பலின் விரிசல் சத்தம் போட்டது, ஆள் வந்து பார்த்தார்கள். கட்டியவர்களின் நெஞ்சுக்குள் போனது சத்தம் போடவில்லை. நீராவிக் குழாய்களைச் சுற்றிக் கட்டிய ஆஸ்பெஸ்டாஸ், இறுக்கமான எஞ்சின் அறைகளில் தூசியாகப் பறந்தது. அறுத்தவர் மட்டுமில்லை, பக்கத்தில் வெல்டிங் வைத்தவரும் சுவாசித்தார். நுரையீரலின் துப்புரவு செல்களால் அந்த நீள இழைகளை விழுங்க முடியாது. அவை அங்கேயே கிடந்து பல பத்தாண்டுகள் உறுத்தும். 1946-இல் வெளியான ஓர் ஆய்வு, கப்பல் தளங்களில் குழாய்க்கு உறை போடும் ஆயிரம் பேர் அளவில் சோதித்து, மூன்று பேருக்கே நோய் என்று கண்டு, பெரிய ஆபத்தில்லை என்றது. சோதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் பத்து வருடம்கூட அந்த வேலையில் இருந்ததில்லை. அந்த மூன்று பேரோ இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர்கள். 1964-இல் இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவரும் அவரோடு பணியாற்றியவர்களும் நீண்டகால ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களிடம் புற்றுநோய் அதிகமென்று காட்டியபோது, லிபர்ட்டி கப்பல்கள் பல உடைப்புத் தளங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்று தலைகாட்ட இருபதிலிருந்து ஐம்பது வருடம் ஆகும். 1943-இல் ரிச்மண்டில் வெல்டிங் பழகிய இருபது வயதுப் பெண், முதல் இருமலுக்கு மருத்துவரிடம் போகும்போது பாட்டியாகியிருப்பார்.