'நிலைமை சரியானதும் போட்டுக்கொள்ளலாம்' என்று சொல்பவர்களுக்கு

சென்ற வாரம் என் அலுவலகத்துக்கு வந்திருந்த தலைமையாசிரியை ஒருவர், 2025 மார்ச்சில் நிறுத்திவிட்ட எஸ்ஐபியை (பங்குகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் ஒரு தொகையைப் போட்டுவரும் முறை) மீண்டும் தொடங்க இது நல்ல நேரமா என்று கேட்டார். நிறுத்தியதோடு அவர் விட்டிருக்கவில்லை. அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பின் அதிர்ச்சியில், மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 2,200 புள்ளிகளுக்கு மேல் சரிந்த ஏப்ரல் 7 அன்று, ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்த ஃபண்ட் யூனிட்டுகளில் பாதியைக் கைபேசியிலேயே விற்றும் இருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் சென்செக்ஸ் 80,000-ஐத் தாண்டிவிட்டது. அவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஓய்வுபெற இன்னும் பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பணத்துக்கு உடனடித் தேவை எதுவும் இருக்கவில்லை. ஒருவர் இப்படிச் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சரிவிலும் யாராவது இதையே செய்துவிட்டு, அதே கேள்வியோடு வந்து அமர்வதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

"இறங்கும்போது எடுத்துவிடுவோம், நிலைமை சரியானதும் திரும்பப் போட்டுக்கொள்வோம்" என்பது கேட்பதற்கு முன்னெச்சரிக்கை போலத் தோன்றும். அலை ஓய்ந்த பிறகு கடலாடலாம் என்று கரையில் நிற்பவரின் திட்டம்தான் அது. நிலைமை சரியாகிவிட்டது என்று யார் வந்து அறிவிக்கப் போகிறார்கள்? 2020-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் 42,000-ஐ ஒட்டியிருந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 26,000-க்குச் சற்றுக் கீழே முடிந்தது. நாடே கொரோனா ஊரடங்கில் கிடந்த ஏப்ரல் 7 அன்று, அதே சென்செக்ஸ் ஒரே நாளில் ஏறத்தாழ 9 சதவீதம் ஏறியது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நம் பொருளாதாரம் சுமார் 24 சதவீதம் சுருங்கியது. செப்டம்பரில் நாளொன்றுக்கு 90,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது. இவ்வளவுக்கும் நடுவே சந்தை ஏறிக்கொண்டே போய், நவம்பரில் பழைய உச்சத்தைக் கடந்தது. தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. அதற்கு ஐந்தாம் நாள் சென்செக்ஸ் 50,000-ஐத் தொட்டது. 26,000-இல் விற்றுவிட்டுத் தடுப்பூசி வரட்டும் என்று காத்திருந்தவர், ஏறக்குறைய இரு மடங்கு விலை கொடுத்துத்தான் உள்ளே திரும்ப முடிந்தது. அப்போதும் நிலைமை சரியாகியிருக்கவில்லை என்பதை ஏப்ரலில் வந்த இரண்டாம் அலை காட்டியது.

சந்தை இன்றைய செய்திக்கு மட்டும் விலை வைப்பதில்லை. இன்னும் ஆறு மாதம், ஓராண்டு கழித்து என்னவாகும் என்ற ஊகத்துக்கும் சேர்த்தே விலை வைக்கிறது. எனவே செய்தி நல்லதாக மாறும் வரை காத்திருப்பவர், அந்த நல்ல செய்தி விலையில் ஏறிய பிறகே வாங்குகிறார். வெளியேறும் நாள், திரும்பும் நாள் ஆகிய இரண்டையும் சரியாகக் கணித்தால்தான் இந்தத் திட்டம் பலிக்கும். அதைத் தொடர்ந்து செய்துகாட்டிய வாடிக்கையாளர் ஒருவரைக்கூட என் தொழில் வாழ்க்கையில் நான் சந்தித்ததில்லை.

எல்லாச் சரிவும் எட்டு மாதத்தில் மீண்டுவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,000-ஐ நெருங்கி, 2010 நவம்பரில்தான் மறுபடி 21,000-ஐப் பார்த்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க மனவுறுதி மட்டும் போதாது, வீட்டில் அரிசியும் இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு இன்னொருவரின் நினைவு வருகிறது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் முறையில் தைத்துக் கொடுக்கும் சிறிய தையல் கூடம் ஒன்றை அவர் நடத்துகிறார். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது அவருக்கு வர வேண்டிய ஆர்டர்கள் நின்றன, பழைய பில்களுக்கான பணமும் தள்ளிப்போனது, ஆனால் தொழிலாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய சனிக்கிழமைச் சம்பளம் நிற்கவில்லை. விற்க மனமே இல்லாமல், மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த ஃபண்ட் யூனிட்டுகளை நான்கு மாதங்களில் முழுவதுமாக விற்றார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, என் மேல்தான் வருத்தம். கையிருப்பு எவ்வளவு இருக்கிறது என்று அழுத்திக் கேட்காமலே அவருக்கு எஸ்ஐபி தொடங்கிக் கொடுத்தவன் நான். கூட்டு வட்டி வரைபடத்தைக் காட்டி ஒருவரை முதலீடு செய்ய வைப்பது எங்கள் தொழிலில் எளிது; வங்கியில் சும்மா கிடக்க வேண்டிய பணத்துக்கு அப்படி ஒரு வரைபடம் கிடையாது.

ஆகவே முதலில் கையிருப்பு. மாதச் சம்பளக்காரர் என்றால் ஆறு மாதச் செலவு. தொழில் செய்பவர் என்றால், கூலியும் கடன் தவணையும் சேர்த்து, ஓராண்டுச் செலவு. இதைப் பங்குச் சந்தையில் வைக்காதீர்கள். ஏலச்சீட்டிலும் வைக்காதீர்கள்: உங்கள் சீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்கு நெருக்கடி வரும் மாதத்தில் அவர்களுக்கும் நெருக்கடி வரும், எல்லோரும் ஏலம் கேட்பார்கள், சீட்டை எடுக்க விட்டுக்கொடுக்க வேண்டிய தள்ளுபடி எங்கோ போய் நிற்கும். சேமிப்புக் கணக்கும் குறுகிய கால வைப்பும் போதும், ஆனால் இரண்டு வங்கிகளில் இருக்கட்டும். 2020 மார்ச்சில் பெரிய தனியார் வங்கி ஒன்றிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் வாடிக்கையாளர்கள் தவித்தார்கள். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் ரூபாய் வரைதான்.

நீண்ட காலம் என்ற சொல்லையும் மந்திரம்போல் உச்சரிக்க வேண்டாம். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் எட்டிய உச்சத்தை மறுபடி கடக்க 2024 பிப்ரவரி வரை, 34 ஆண்டுகள், ஆயின. உச்சத்தில் மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் கொட்டியவருக்குப் பொறுமையும் உதவவில்லை. அதனால்தான் ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடாதீர்கள் என்றும், மிச்சத்தை வைப்பு, தங்கம், பங்கு என்று பிரித்து வையுங்கள் என்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

மருத்துவக் காப்பீட்டை முதலாளி கொடுத்திருப்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வேலை போகும் அன்று அதுவும் போகும். எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கு எழுதிக் கொடுங்கள். 2021-இல், இறந்துபோன கணவரின் பூட்டிய கைபேசியோடு என் முன்னால் அழுத பெண்களை நான் இன்னும் மறக்கவில்லை. முதலீட்டுச் செயலியை நாள்தோறும் திறந்து பார்க்கும் பழக்கத்தை விடுங்கள்.

தலைமையாசிரியைக்கு, நல்ல நேரம் பார்க்காமல் வரும் ஐந்தாம் தேதியிலிருந்தே தொடங்கச் சொன்னேன். விற்று வைத்திருக்கும் தொகையைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்துப் போடவும் சொன்னேன். அடுத்த சரிவில் விற்கத் தோன்றினால் முதலில் என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். சந்தை கொஞ்சம் இறங்கட்டும், அதன் பிறகு தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.