'மெண்டட்' சரி, 'பெண்டட்' தப்பா?

அரூரிலிருந்து பிளஸ் ஒன் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: பழுதுபார்க்கும் 'மெண்ட்' இறந்தகாலத்தில் 'மெண்டட்' ஆகிறது, வளைக்கும் 'பெண்ட்' மட்டும் ஏன் 'பென்ட்' ஆகிறது? "விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணு" என்றார்களாம். அது பதில் இல்லை, சமாளிப்பு.

தருமபுரிக்கு இந்தச் சொல் புதுசில்லை. சைக்கிள் கடையில் வீலுக்குப் பெண்டு எடுக்கிறோம். வேலை அதிகமானால் பெண்டு நிமிர்ந்துவிட்டது என்கிறோம்.

தமிழ் எழுத்தில் பெண்ட், பென்ட் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், காதுக்கு வேறு. தொண்டையில் விரலை வைத்து 'வண்டி' என்று சொல்லுங்கள்: 'ட'வின் போதும் அதிர்வு நிற்காது. 'பாட்டு' என்று சொல்லுங்கள்: 'ட்ட' வந்ததும் அதிர்வு சட்டென்று அறுந்துவிடும். நிகழ்காலத்தில் இருப்பது வண்டியின் ட, இறந்தகாலத்தில் பாட்டின் ட.

பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு இறந்தகால விகுதி 'டெ'. வினையும் ட-வில் முடிவதால் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'பெண்டெ' ஆனது. வேடிக்கை என்னவென்றால், 'வளைக்கிறேன்' என்பதற்கும் அதே 'பெண்டெ'தான். நேற்றா, இன்றா? இடைக்கால ஆங்கிலத்தில் இறந்தகால ட அதிர்வை விட்டது, 'பென்ட்டெ' ஆனது, குழப்பமும் தீர்ந்தது. அப்புறம் கடைசி எ உதிர்ந்தது. செண்ட், பில்ட் இரண்டும் இதே கதை. 'மெண்ட்' 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக வந்த சொல். பின்னால் வந்ததால் பொது விகுதியான 'எட்'டைப் போட்டுக்கொண்டது, 'டிஃபெண்ட்'டும் அப்படித்தான்.

பழைய வடிவங்களைக் காப்பாற்றுவது புழக்கம். 2007-இல் 'நேச்சர்' இதழில் எரெஸ் லீபர்மன் குழு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை, அதாவது பொது விகுதியைப் போட்டுக்கொள்ளாத வினைகளை, பின்தொடர்ந்தது. இன்று 98 மட்டுமே ஒழுங்கற்றவை. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக 'எட்'டுக்கு மாறிவிடுகிறது. தமிழ் வினைகளையும் சங்க காலத்திலிருந்து இப்படி எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை. நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்பார்கள். கணினியும் நாலு மாணவர்களும் போதும், ராக்கெட் செலவா கேட்கிறோம்!

சரி, பரீட்சையில் 'பென்ட்' என்றே எழுதுங்கள். 'பெண்டட்' செத்துவிடவில்லை, மண்டியிடுவதைச் சொல்லும் 'ஆன் பெண்டட் நீ'யில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று: லாரி இடித்துக் கம்பி வளைந்தாலும், கிருஷ்ணகிரியில் கட்டட வேலைக்கு வந்தவர் அதை வளைத்தாலும், ஆங்கிலத்துக்கு ஒரே 'பென்ட்'தான்.