கைப்பிடியைச் சுற்றிய கை: கடற்படை விமானியின் ஆட்டுத்தோல் ஜாக்கெட்

வைல்ட்கேட் போர் விமானத்தின் சக்கரங்களை உள்ளே இழுக்க மோட்டார் கிடையாது. கப்பல் தளத்தை விட்டு மேலெழும்பியதும் விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலப்பக்கமுள்ள கைப்பிடியைக் கரும்புச்சாறு பிழிகிற மாதிரி ஏறத்தாழ முப்பது சுற்று சுற்ற வேண்டும். பிடி நழுவினால் கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். 1942 ஜூன் 4 அன்று பசிபிக்கில் ஜப்பானுக்கு எதிராக நடந்த மிட்வே போரில், யார்க்டவுன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து லெப்டினன்ட் கமாண்டர் ஜான் தாச் தலைமையில் கிளம்பிய ஆறு வைல்ட்கேட்களும் அப்படித்தான் சக்கரத்தை மடக்கின. குறுகலான அறை, தோளில் பாராசூட் வார், விடாமல் சுழலும் வலக்கை. அமெரிக்கக் கடற்படையின் தோல் ஜாக்கெட் ஏன் அப்படித் தைக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் இந்தக் கையிலிருந்து தொடங்குவதே சரி.

1940-இல் எம்-422 என்ற குறியீட்டோடு வந்த ஜாக்கெட் அது. அடுத்து எம்-422ஏ, பிறகு ஏஎன்-ஜே-3ஏ, 1947-இலிருந்து ஜி-1. பெயர்தான் மாறியது, வெட்டு பெரிதாக மாறவில்லை. கையை முன்னால் நீட்டிப் பாருங்கள், முதுகின் அகலம் பல சென்டிமீட்டர் கூடும். துணிச்சட்டை அதற்கு ஈடுகொடுக்கும், தோல் கொடுக்காது. அதனால் இரண்டு தோள்பட்டைகளுக்கும் பின்னால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மடிப்பு வைத்தார்கள். கை நீளும்போது மடிப்பு விரியும், திரும்பும்போது மூடிக்கொள்ளும். அக்குளில் தனியாக ஒரு துண்டு தோல் சேர்த்ததால், கையைத் தூக்கினாலும் ஜாக்கெட்டின் அடிப்பகுதி இடுப்பை விட்டு மேலே ஏறாது. ராணுவ விமானிகளுக்கு 1931-இல் வந்த ஏ-2 ஜாக்கெட்டின் முதுகு ஒரே துண்டு, மடிப்பே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கையைச் சுற்றிப் பார்த்தால் கடற்படை வெட்டின் அருமை தெரியும்.

பசிபிக் வெயிலில் ரோமக் காலர் எதற்கு? ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. கடல் மட்டத்தில் 30 டிகிரி செல்சியஸ் என்றால் 5,000 மீட்டரில் உறைநிலைக்கும் கீழே. ஆனால் குளிரை அடக்குவது தோல் அல்ல. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் வெப்பத்தைத் தடுப்பதில் சுமார்தான். அசையாத காற்று அதைவிட ஐந்தாறு மடங்கு நன்றாகத் தடுக்கும். அந்தக் காற்றை உடம்போடு சேர்த்து அசையாமல் வைத்திருப்பதுதான் தோலின் வேலை. மணிக்கட்டிலும் இடுப்பிலும் உள்ள கம்பளிப் பின்னல் பட்டைகள், ஜிப்புக்குப் பின்னால் ஓடும் தோல் பட்டை, கழுத்தை மூடும் காலர் எல்லாமே காற்று தப்பும் வழிகளை அடைப்பவை. கம்பளிப் பட்டை நைந்து தளர்ந்த ஜாக்கெட் கை அசையும் ஒவ்வொரு தடவையும் துருத்தி மாதிரி வெதுவெதுப்பை வெளியே தள்ளிவிடும். லேபிளில் இதை ‘இடைநிலை’ வகை என்றே குறித்திருப்பார்கள். கடுங்குளிருக்குச் செம்மறி ரோமம் உள்ளே இருக்கிற தடித்த உடுப்பு தனியாக இருந்தது.

இனி தோல். இந்த ஜாக்கெட்டுக்கு எடுத்தது வெள்ளாட்டுத் தோல். செம்மறியின் தோலில் மேலடுக்குக்கும் அடியடுக்குக்கும் நடுவே கொழுப்பு நிறைய இருக்கும். பதனிடும்போது அது போய்விட்டால் நடுவில் வெற்றிடம் விழுந்து, இரண்டு அடுக்கும் பிரியத் தொடங்கும். வெள்ளாட்டுத் தோலில் அந்தக் கொழுப்பு குறைவு, நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். மெல்லியதாக இருந்தாலும் கிழியாது, உராய்ந்தால் சீக்கிரம் தேயாது. மேலே தெரியும் புள்ளிப் புள்ளியான மேடு பள்ளம் அந்த ஆட்டின் மயிர்க்கால்கள் வரிசையாக நின்ற தடம். அச்சுக்குத்தி வரவழைத்த போலிப் புள்ளிகள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும். அசலில் முதுகுப் பக்கம் நெருக்கமாகவும் வயிற்றுப் பக்கம் தளர்ந்தும் தெரியும். ஒரு வெள்ளாட்டுத் தோல் ஐந்தாறு சதுர அடிதான் தேறும். ஒரு ஜாக்கெட்டுக்கு ஏழெட்டுத் தோல் வேண்டும், அதிலும் வயிற்றுப் பகுதியைத் தோளுக்கும் முழங்கைக்கும் வைக்கக்கூடாது.

தோல் என்பது கொலாஜன் புரதத்தாலான பின்னல். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு போன்றது ஒரு மூலக்கூறு. 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன். ஈரத்தோலில் கயிறுகளுக்கு நடுவே தண்ணீர் நிற்பதால் அவை வழுக்கிக்கொண்டு நகரும். தண்ணீர் வற்றினால் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். மிருதங்கத்தின் பதனிடாத தோல் அப்படி விறைப்பதால்தான் நாதம் எழுகிறது. ஜாக்கெட்டுக்கு அந்த விறைப்பு ஆகாது. கயிறுகளுக்கு நடுவே வேறொன்றைப் புகுத்தி, காய்ந்தாலும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதே பதனிடுதல். மரப்பட்டைச் சாற்றிலுள்ள டானின் வாரக்கணக்கில் ஊறி உள்ளே போகும். குரோமியம் உப்பு ஓரிரு நாளில் வேலையை முடித்துவிடும். 1884-இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸும் 1893-இல் மார்ட்டின் டென்னிஸும் காப்புரிமை பெற்ற முறைகளால் குரோம் பதன் தொழிலாக எழுந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சூடு காட்டிக்கொடுக்கும். பச்சைத் தோல் 65 டிகிரித் தண்ணீரில் சுருங்கிப் பசையாகும். பட்டைப் பதன் 75 முதல் 85 டிகிரி வரை தாங்கும், நல்ல குரோம் பதன் கொதிநீரையே தாங்கும். இந்த எண்களை நம்பிப் பழைய ஜாக்கெட்டுக்குச் சூடு காட்டினால் அதோடு முடிந்தது. அமிலமேறிச் சிதைந்த பட்டைப் பதன் தோல், ஈரமாக இருக்கும்போது 40 டிகிரியிலேயே சுருங்கக்கூடும். இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர், மே மாத வெயிலில் மூடி நிறுத்திய கார் மூன்றுமே ஆபத்து.

எந்தப் பதன் என்று லேபிள் சொல்லாது. லைனிங்குக்கு உள்ளே, தையல் ஓரத்தில் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுப்பகுதி நீலச் சாம்பல் என்றால் குரோம், முழுக்கப் பழுப்பு என்றால் பெரும்பாலும் பட்டை. சந்தேகம் தீரவில்லையானால் அங்கிருந்து நகத்துணுக்கு அளவு சுரண்டி, கண்ணாடித் தட்டில் வைத்து இரும்பு உப்புக் கரைசலில் ஒரு சொட்டு விடுங்கள். டானின் இருந்தால் கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ மாறும். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்து எழுதும் மையாவது இதே வேதிவினையால்தான்.

பட்டைப் பதனின் பெரிய நோய் செந்தூள். காற்றிலுள்ள கந்தக டை ஆக்சைடைத் தோல் உறிஞ்ச, அது உள்ளேயே கந்தக அமிலமாகி கொலாஜன் கயிறுகளை அறுக்கிறது. தொட்டால் விரலில் செங்கல் பொடி மாதிரி ஒட்டும். எல்லா டானினும் இதற்கு ஒரே அளவில் இடம் கொடுப்பதில்லை. ஆவாரம்பட்டை போன்றவற்றின் டானின் சீக்கிரம் பாதிக்கப்படும், கடுக்காய் டானின் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நம் ஊர்ப் பதனிடும் தொழிலுக்கு இது வெளிநாட்டுச் சேதி அல்ல. அந்நாளில் சென்னை மாகாணத்திலிருந்து ஆவாரம்பட்டையில் பதனிட்டு ஏற்றுமதியான ஆட்டுத்தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயரில் லண்டன் புத்தகக் கட்டுநர்களிடம் போனது. லண்டனின் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் சங்கம் அமைத்த குழு 1901-இல் தந்த அறிக்கையில், புத்தகக் கட்டுக்கு உதவாத தோல் வகைகளில் அதையும் சேர்த்தது. பை, செருப்பு, லைனிங்குக்கு அருமையான தோல். நூறாண்டு அலமாரியில் நிற்பதற்குச் செய்யப்பட்டதல்ல.

செந்தூள் விழும் தோலில் தண்ணீர் பட்டால் அந்த இடம் கறுத்து, திரும்ப வராது. குதிரைச் சேணம் கழுவும் சேடில் சோப்பு போட்டுத் தேய்ப்பவர்கள் ஜாக்கெட்டைப் பாழாக்குவது இங்கேதான். 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 2 கிராம் ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் என்ற பசைப்பொருளைக் கரைத்து மெல்லத் தடவினால் தூள் பிடித்து நிற்கும். முதலில் மறைவான இடத்தில் சோதியுங்கள், சாயம் கரைந்து பஞ்சில் ஏறினால் நிறுத்திவிடுங்கள். அறுந்த கயிறு மறுபடி சேராது, மேலும் உதிராமல் இருக்கும், அவ்வளவே.

எண்ணெய் விஷயத்தில் கை காக்க வேண்டும். அளவுக்கு மீறித் தடவிய எண்ணெய் குளிரில் வெளியே வந்து வெள்ளைப் படலமாக நிற்கும். பூஞ்சையும் வெள்ளைதான். சுண்டுவிரல் நுனியை ஒரு நிமிடம் அதன்மேல் வைத்திருங்கள், உருகி மறைந்தால் கொழுப்பு. இருந்த இடத்திலேயே இருந்து பழைய சாக்குவாடை அடித்தால் பூஞ்சை. உடுத்தும் ஜாக்கெட்டுக்கு ஒரு தடவைக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் எண்ணெய் தேவைப்படாது. காட்சிக்கு மட்டும் வைப்பதென்றால் எண்ணெயே வேண்டாம். பித்தளை ஜிப்பில் பச்சை மெழுகு பூத்தால், செம்பும் கொழுப்பமிலமும் சேர்ந்த உப்பு அது. மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள், உலோகக் கருவி வேண்டாம். காலர் ரோமம் அசல் செம்மறியா செயற்கையா என்று தெரிய ஓரிழையை எரித்தால் போதும்: கம்பளி மயிர் கருகும் வாடை அடித்துப் பொடியாகும், செயற்கை இழை உருகி மணியாக உருளும். அசல் என்றால் பூச்சி வரும். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும், அவசரப்பட்டால் தோலில் ஈரம் பூக்கும். நூல் அறுந்த தையலைப் பழைய துளைகள் வழியாகவே கையால் தையுங்கள். மெஷினில் புதுத் துளை விழுந்தால், அஞ்சல்தலையின் ஓரம் மாதிரி அந்த வரிசையில் தோல் கிழியும்.

இத்தனை கவனமும் எதைக் காக்க? அணிந்தவரைத்தான். தோலின் நார்கள் நெடுநாள் இழுப்புக்கு மெதுவாக நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே தங்கிவிடும். முழங்கைச் சுருக்கம், பாராசூட் வார் தேய்த்த தோள், பேனா செருகிய சட்டைப்பைப் பிளவில் மைக்கறை எல்லாம் அந்த அதிகாரியின் கையெழுத்து. இடமார்பில் சிறகுச் சின்னமும் பெயரும் பொன்னெழுத்தில் அச்சிட்ட தோல் பட்டை இருக்கும். அதைப் பிரித்து எடுத்திருந்தாலும் செவ்வகமாக ஊசித்துளைகளும், வெயில் படாத கருநிறமும் நிற்கும். சாய்ந்த வெளிச்சத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். பல ஜி-1 ஜாக்கெட்டுகளில் ஜிப்புக்குப் பின்னுள்ள பட்டையில் அமெரிக்கக் கடற்படையைக் குறிக்கும் யூஎஸ்என் என்ற எழுத்துகள் துளைகளாகவே குத்தப்பட்டிருக்கும். மை அழியும், துளை அழியாது. 1943-இல் பசிபிக்கில் ரோந்துப் படகு நடத்திய லெப்டினன்ட் ஜான் கென்னடி, பின்னாளில் அதிபராகி அணிந்த இவ்வகை ஜாக்கெட் 2013-இல் 5,70,000 டாலருக்கு ஏலம் போனது. அத்தனை விலை தோலுக்கு இல்லை. சாயம் பூசிப் புதுசாக்கித் தருகிறோம் என்பவரிடம் கொடுத்தால், விலை பெற்றுத்தரும் தடங்களைத்தான் முதலில் இழப்போம்.

வைக்கும் இடம் 18 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இல்லாமல் இந்த அளவு வராது. கம்பி ஹேங்கர் தோளில் மேடு விழவைக்கும். அமிலமற்ற காகிதம் விரித்துப் படுக்கையாக வையுங்கள். கைகளைத் தட்டையாக மடிக்க வேண்டாம். காகிதத்தை உருட்டி உள்ளே திணிக்கும்போது இரண்டு கைக்கும் ஒரே உருளை செய்யாமல், வலக்கையின் முழங்கை எந்த அளவு வளைந்திருக்கிறதோ அதே வளைவுக்குக் காகிதத்தையும் வளைத்து நுழையுங்கள்.