விளையாட்டு இதழியல் படிக்கப் போகிறீர்களா?

“கிரிக்கெட் ஒரு மேட்ச் விடாமப் பார்ப்பேன் சார், விளையாட்டு நிருபர் ஆகணும்.” எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆர்வத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது மேட்ச் பார்த்து வருவதில்லை. அதைக் கல்லூரி சொல்லித்தர வேண்டும்.

மாவட்டத் தடகளப் போட்டிக்குச் செய்தி எடுக்கப் போன ஒரு பயிற்சி மாணவி, ‘100 மீட்டரில் 10.8 விநாடி, பள்ளி மாணவர் சாதனை’ என்று எழுதிக்கொண்டு வந்தார். முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தேன். புள்ளிக்கு அப்புறம் ஒரே ஓர் இலக்கம். அப்படியென்றால் அது ஸ்டாப்வாட்சில் எடுத்த நேரம்; மின்னணுக் கருவி என்றால் இரண்டு இலக்கம் இருக்கும். இரண்டையும் ஒப்பிட, 100 மீட்டரில் ஸ்டாப்வாட்ச் நேரத்தோடு 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். காற்றை அளந்தார்களா? பின்னாலிருந்து விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசினால் சாதனையாக ஏற்க மாட்டார்கள். “கேக்கலையே சார்” என்றார். நடுவருக்குப் போன் போட்டோம். மைதானத்தில் காற்றுமானியே இல்லை. ‘சாதனை’யை எடுத்துவிட்டு, முதலிடம் என்று மட்டும் போட்டோம். அப்படியே அச்சேறியிருந்தால், அடுத்த போட்டியில் ஓடி ஜெயித்த பையனைத்தான் எல்லாரும் கேள்வி கேட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடலைப் பற்றிய மருத்துவ விவரம் ஊரறியச் செய்தியானது. ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கையை வெளியிட நமக்கு என்ன உரிமை என்று அன்றைக்குச் செய்தி அறைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பயிற்சி மாணவர்களோடு முதல் நாளே இதைப் பேசிவிடுவேன். பேட்டி எடுப்பதெல்லாம் அப்புறம்.

அதனால் பணம் கட்டும் முன் கல்லூரியில் விசாரியுங்கள். ஒரு பருவத்தில் எத்தனை நாள் மைதானத்துக்கு அனுப்புவார்கள்? எழுதியதை யாராவது உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தித் தருவார்களா? சட்டமும் ஊடக அறமும் பாடத்தில் உண்டா? ஸ்டுடியோவைக் காட்டினால் சரி, பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, போன வருட மாணவர்கள் எழுதிய கபடி, கோ-கோ செய்திகளையும் காட்டச் சொல்லுங்கள்.