52 துண்டாகும் புகைப்படம்

பயனர் அட்டவணையில் பெயர், பிறந்த தேதி, பக்கத்திலேயே புகைப்படம். பார்க்க எளிது. ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் எதையும் 8 கிலோபைட் பக்கங்களாகத்தான் எழுதும். ஒரு வரிசை அடுத்த பக்கத்துக்குக் கால் நீட்ட முடியாது. அப்படியானால் 100 கிலோபைட் ஜேபெக் படம் எங்கே போய் உட்காரும்?

இதற்காக 2001-ல் 7.1 பதிப்பில் வந்ததுதான் டோஸ்ட். நறுக்கிய ரொட்டியை நினைத்து விளையாட்டாக வைத்த பெயர், வேலையும் அதேதான். வரிசை ஏறத்தாழ 2 கிலோபைட்டைத் தாண்டியதும் முதலில் சுருக்கிப் பார்க்கும். ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் என்ன சொட்டும்? உடனே படத்தை 1996 பைட் துண்டுகளாக வெட்டி, எண் போட்டு, தனி அட்டவணையில் அடுக்கிவிடும். நம் படத்துக்கு 52 துண்டுகள். மூல வரிசையில் படத்தின் இடத்தில் மிஞ்சுவது, துண்டுகள் எங்கே என்று காட்டும் 18 பைட் சுட்டி மட்டும்.

பெயரை மட்டும் கேட்டால் அந்தத் துண்டுகளை யாரும் தொடுவதில்லை. எல்லா நெடுவரிசைகளையும் வாரிக்கொண்டு வரச் சொல்லும் சோம்பேறி வினவல்தான் வினை. ஆயிரம் பேர் பட்டியலுக்கு 52,000 துண்டுகளைக் கோக்க வேண்டும். போதாக்குறைக்கு, எழுத்து வடிவில் அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்தாகும்: ஜேபெக்கின் முதல் இரு பைட்டுகளான 255, 216 நான்கு எழுத்துகளாகப் போகும். 100 கிலோபைட் 200 ஆகிவிடும். பைனரி வடிவில் கேட்டால் இந்த வீக்கம் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, படத்தை வட்டில் தனிக் கோப்பாகப் போட்டுவிட்டு, அது இருக்கும் பாதையை மட்டும் தரவுத்தளத்தில் எழுதலாமே? முன்பு நான் இருந்த அலுவலகத்தில் அப்படித்தான் செய்தோம். சர்வர் படுத்த அன்று பேக்கப்பிலிருந்து தரவுத்தளம் முழுதாக மீண்டது; படக் கோப்புறையை பேக்கப்பில் சேர்க்க எல்லோரும் மறந்திருந்தோம். பெயர்கள் வந்தன, முகங்கள் வரவில்லை. படம் உள்ளேயே இருந்தால் வரிசையோடு சேர்ந்து பதியும், அழியும், மீளும்.

அளவுதான் எல்லை போடுகிறது. 2006-ல் ஜிம் கிரே உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில் அளந்தபோது, 256 கிலோபைட்டுக்குக் கீழே தரவுத்தளமும் 1 மெகாபைட்டுக்கு மேலே கோப்பு முறைமையும் முந்தின. இடைப்பட்டவற்றில், கோப்பு எவ்வளவு அடிக்கடி மாற்றி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து வெற்றி மாறியது. இன்றைய வட்டுகளில் இந்த எண்கள் நகரலாம், ஆனால் முகப்படத்துக்கும் வீடியோவுக்கும் ஒரே விடை கிடையாது. போஸ்ட்கிரெஸ் நெடுவரிசை ஒன்றில் 1 கிகாபைட்தான் உச்சம். அதை எட்டுவதற்கு வெகு முன்பே, முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏற்றி சர்வர் திணறத் தொடங்கிவிடும். வீடியோவுக்கு நான் இன்றும் பாதையைத்தான் எழுதுகிறேன், கோப்புறையையும் பேக்கப்பில் சேர்த்துவிட்டு.