கரையும் கொழுப்பு எங்கே போகிறது?

70 கிலோ எடையுள்ள ஒருவர் டிரெட்மில்லில் ஒரு மணி நேரம் வேகமாக நடந்து முடித்தால், அதன் திரை ஏறக்குறைய 300 கலோரி என்று காட்டும். அந்த எண்ணை அப்படியே வரவு வைத்துக்கொள்வதற்கு முன் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. அதே ஒரு மணி நேரம் அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருடைய உடல் சுமார் 70 கலோரியைச் செலவிட்டிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 230 கலோரிதான். பேருந்து நிலையத்தில் வாங்கிக் கொறிக்கும் வறுத்த வேர்க்கடலையில் 50 கிராம் எடுத்துக்கொண்டாலே இதைவிட அதிகம் வந்துவிடுகிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதால், சாப்பாட்டில் எதையும் கூட்டாமல் நாள் தவறாமல் நடந்தால்கூட அதைக் குறைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

கொழுப்பு வியர்வையாக வழிந்து போகிறது என்று நம்புவோர் பலர். உண்மையில் நடப்பது வேறு. உடல் உழைக்கத் தொடங்கியதும் சுரக்கும் அட்ரினலின், கொழுப்புச் செல்களில் சேமிக்கப்பட்டிருக்கும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் பிரியச் செய்கிறது; அந்த அமிலங்கள் இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு தசைக்குச் சென்று, அங்கே செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன. எரிந்தபின் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவரும் 2014 இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ மூச்சுக்காற்று வழியாகவும் 1.6 கிலோ நீராகவும் வெளியேறுகிறது. இதற்காக வேண்டுமென்றே வேகவேகமாக மூச்சுவிட்டுப் பயனில்லை. செல்கள் எரித்த அளவுக்குத்தான் கரியமில வாயு உருவாகும்.

கொழுப்பு இரத்தத்தின் வழியே தசையை அடைகிறது என்பதால், வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்புதான் கரையும் என்ற எண்ணமும் நிற்பதில்லை. 1971 இல் வெளியான ஓர் ஆய்வில், டென்னிஸ் விளையாடுவோரின் இரு கைகளையும் அளந்து பார்த்தபோது, மட்டை பிடிக்கும் கை பருத்திருந்ததே ஒழிய, தோலடிக் கொழுப்பின் தடிமன் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது.

இனி வளர்சிதை மாற்றத்துக்கு, அதாவது உடல் உணவை ஆற்றலாக்கிச் செலவிடும் செயலுக்கு, வருவோம். நம்மில் பெரும்பாலோர் ஒரு நாளில் செலவிடும் ஆற்றலில் பாதிக்கு மேல், உயிரோடு இருப்பதற்கான அடிப்படை வேலைகளுக்கே போய்விடுகிறது. அதிலும் கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவை உடல் எடையில் ஆறு சதவீத அளவே இருந்துகொண்டு, ஓய்வுநேரச் செலவில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 13 கலோரி. எனவே இரண்டு கிலோ தசை ஏறினால் தூங்கும்போதும் கொழுப்பு கொழுந்துவிட்டு எரியும் என்ற விளம்பர வாசகத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ‘நாற்பதைத் தாண்டினால் வளர்சிதை மாற்றம் படுத்துவிடும்’ என்பதும் சரியன்று. 29 நாடுகளில் 6,400 பேருக்கும் அதிகமானோரின் அளவீடுகளைத் தொகுத்து 2021 இல் வெளியான ஆய்வு, உடலின் பருமனையும் கட்டமைப்பையும் கணக்கில் கொண்டால், 20 வயது முதல் 60 வரை இந்தச் செலவு ஏறக்குறைய மாறாமலே இருப்பதைக் காட்டியது.

இதைவிட வியப்பானது தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் கிடைத்த முடிவு. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் அவர்களுடைய அன்றாட ஆற்றல் செலவை மானிடவியல் ஆய்வாளர் ஹெர்மன் பாண்ட்சரின் குழுவினர் அளந்து 2012 இல் வெளியிட்டார்கள். உடல் அளவைச் சமன்செய்து பார்த்தபோது, அது அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகளின் செலவிலிருந்து வேறுபடவில்லை. உழைப்பு கூடும்போது உடல் வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது என்பது பாண்ட்சரின் விளக்கம். எவ்வளவு பிடிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆனால் காலையில் ஓடிவிட்டுப் பகல் முழுவதும் சோபாவில் சாய்ந்துகிடப்பவர்களுக்கு இதன் ஒரு பகுதியாவது சொந்த அனுபவமாகவே தெரிந்திருக்கும்.

அப்படியானால் எந்தப் பயிற்சியைத் தேர்வது? எடை கூடிய, உடற்பயிற்சிப் பழக்கமில்லாதவர்களை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எட்டு மாதம் பயிற்றுவித்துப் பார்த்த ஆய்வு 2012 இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்ததில் நடை, ஓட்டம் போன்ற பயிற்சிகள் எடைப் பயிற்சியை முந்தின. தசையைக் கூட்டியது எடைப் பயிற்சி. இரண்டையும் செய்தவர்கள் இருமடங்கு நேரம் செலவிட்டும், நடை, ஓட்டம் மட்டும் செய்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் அதிகக் கொழுப்பை இழக்கவில்லை. நேரம் குறைவாக உள்ளவர் முதலில் வேக நடையைப் பிடித்துக்கொள்வதே சரி என்று கருதுகிறேன். ஆனால் சாப்பாட்டையும் குறைப்பவர் எடைப் பயிற்சியைக் கைவிடவே கூடாது. உணவு குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து இளைக்கும். அதைத் தடுத்து நிறுத்த வாரம் இருமுறையாவது தசைக்குச் சுமை வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும், சுவரில் கை வைத்துத் தள்ளுவதும் தொடக்கத்துக்குப் போதும்.

தசை ஏறிக் கொழுப்பு இறங்கும் மாதங்களில் எடை காட்டும் கருவியின் முள் அசையாமல் நிற்கக்கூடும். அப்போது அளவு நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றி, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளிவிட்டு முடிக்கும் நொடியில் அளவு பார்க்க வேண்டும். இந்தியர்களுக்கான எல்லையாக ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் வகுக்கப்பட்டுள்ளன.