கோழிக்குக் காயம் ஆறும், கொத்து நின்றால்தான்

நாட்டுக்கோழிக்குக் காயம் ஆறும் திறன் அபாரமானது. முதுகுத்தோல் கிழிந்து சதை தெரியும் கோழிகூட, புண் சுத்தமாக இருந்தால் சில வாரங்களில் தேறி எழுந்துவிடும். பல நேரம் அதன் உயிரைப் பறிப்பது கூட மேயும் கோழிகள்தான்.

கோழிக்குக் கை கிடையாது. எதையும் அது அலகால் கொத்தித்தான் தெரிந்துகொள்ளும். நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் நம் கண்ணில் மூன்று வகை என்றால் அதன் கண்ணில் நான்கு வகை. ஆகவே சிவப்பு ரத்தப்புள்ளி சட்டென்று அதன் கண்ணில் படும். ஒன்று கொத்தும், அதைப் பார்த்து மற்றதும் வரும். காயத்தைப் பெரிதாக்குவது இந்தத் தொடர் கொத்துதான்.

முதலில் ரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். புண்ணில் ஒட்டிய இறகுகளைக் கத்தரித்துவிட்டு, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து கழுவுங்கள். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை வெளிர் டீ நிறத்துக்கு நீர்க்க வைத்துப் போட்டால் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். புதிதாக வளரும் திசுவையும் அது அரித்துவிடும். ஆழமான புண்ணில் மஞ்சள்தூளை அப்புவதும் எனக்கு உடன்பாடில்லை. மேலே பொருக்கு கட்டிக்கொள்ள, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. கோழியின் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதிகள் குறைவு. அதனால் சீழ் வடியாமல் பாலாடைக்கட்டி போல இறுகி உள்ளேயே தங்கும். அப்படி ஒரு கட்டி தென்பட்டால் கால்நடை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஈயையும் விடக் கூடாது, அது இட்ட முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும்.

அப்புறம், எங்கே அடைப்பது? கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்த நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே 1922-ல் இதை விவரித்து எழுதினார். வரிசை ஒருமுறை முடிவாகிவிட்டால் சண்டை குறையும். வரிசையில் மேலே இருப்பது லேசாகத் தலையைத் தூக்கினாலே கீழே இருப்பது விலகிவிடும். அடிபட்ட கோழியை வீட்டுக்குள் கொண்டுபோய் வெகுநாள் வைத்தால் அந்த இடம் பறிபோகும். திரும்பி வரும்போது அது அந்நியக் கோழி, மறுபடி அடிவாங்கும். இதற்கு நம் பஞ்சாரத்தை மிஞ்சியது எதுவுமில்லை. அதே முற்றத்தில், நிழலில் கவிழ்த்து வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. இடுக்கு வழியாக அலகு எட்டினால் மட்டும் சற்றுத் தள்ளி இன்னொரு வலையைச் சுற்றுங்கள்.

ஒரே கோழிதான் வம்பு செய்கிறது என்றால் அதைச் சில நாள் கண்மறைவாக வேறிடத்தில் அடையுங்கள். திரும்பும்போது அதன் மிடுக்கு பெரும்பாலும் இறங்கியிருக்கும். எல்லாமே கொத்தினால் குறை வேறு எங்கோ இருக்கிறது: இட நெருக்கடி, ஒரே தீனித்தட்டு, புரதம் குறைந்த தீனி, இல்லை இறகுக்குள் ஊரும் செல்லுப்பூச்சி. வெறும் அரிசி நொய்யில் வளரும் கோழிக்குக் கருவாட்டுத் தூளோ கரையானோ கொடுத்துப் பாருங்கள்.

புண் முழுவதும் காய்ந்து தோல் மூடிய பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரங்களில் முளைக்கத் தொடங்கும். பாதியில் ஒடிந்தது அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். புதிதாக முளைக்கும் இறகுக்குருத்தில் ரத்தம் ஓடுவதால், மற்ற கோழிகள் திரும்ப அங்கேயே கொத்த வரலாம். இறகு விரியும் வரை தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.